குடும்பத்துக்காக யார் பேசுவது? ஒரு மாணவர் ஆய்வைத் திட்டமிட்ட அனுபவம்

சமூகவியல் இளங்கலையின் இறுதி ஆண்டில், ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டிய ஆய்வேட்டுக்காக நான் முதலில் எழுதிக்கொண்டு போன தலைப்பு ‘மாறிவரும் குடும்ப உறவுகள்’ என்பதாகும். என் நெறியாளர் அதைப் படித்துவிட்டு, “இதற்கு நீங்கள் யாரிடம் போய், என்ன கேட்பீர்கள்?” என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கான விடை தேடுவதிலேயே அடுத்த இரண்டு மாதங்கள் கழிந்தன. அந்த இரண்டு மாதங்களில் கற்றதும், பிறகு களத்தில் தவறு செய்து கற்றதும், குடும்ப வாழ்க்கையை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளும் மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதலில் தலைப்பிலிருந்த ‘மாறிவரும்’ என்ற சொல்லை எடுத்தேன். மாற்றத்தைக் காட்ட வேண்டுமானால் ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும், அல்லது இரண்டு தலைமுறைகளையாவது ஒப்பிட வேண்டும். ஆறு மாதத்தில் ஒருமுறை எடுக்கும் நேர்காணல், இன்று நிலைமை எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அடுத்து ‘உறவுகள்’ என்ற சொல் சிக்கலானது. அன்பு, மரியாதை, நெருக்கம் என்று அதற்குள் எல்லாவற்றையும் அடைக்கலாம் என்பதாலேயே, அதை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைக்கூட உருப்படியாக எழுத முடியவில்லை. அந்தக் கட்டத்தில் எனக்குக் கைகொடுத்தது, பிரிட்டன் சமூகவியலாளர் டேவிட் மார்கன் 1996-இல் முன்வைத்த கருத்து. குடும்பத்தை ஒரு பொருளாகவோ அமைப்பாகவோ பார்ப்பதைக் காட்டிலும், மனிதர்கள் அன்றாடம் செய்யும் செயல்களின் தொகுப்பாகப் பார்க்கலாம் என்றார் அவர். செயல் என்று வந்தவுடன் கேள்விகள் தாமாகப் பிறந்தன: குழந்தையை எழுப்புவது யார், மருத்துவரிடம் அழைத்துச் செல்வது யார், பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் வேலையை விட்டுவிட்டு ஓடுவது யார்? இறுதியில் என் ஆய்வுக் கேள்வி இப்படி அமைந்தது: கணவனும் மனைவியும் ஊதிய வேலை பார்க்கும், பத்து வயதுக்குக் குறைந்த குழந்தை உள்ள வீடுகளில், குழந்தை வளர்ப்பு தொடர்பான அன்றாட வேலைகள் எப்படிப் பகிரப்படுகின்றன, அந்தப் பகிர்வை இருவரும் எப்படி விளக்குகிறார்கள்?

கேள்வி சுருங்கியதால் ஆய்வு சிறியதாகிவிடுமோ என்று அப்போது அஞ்சினேன். பிற்பாடு இளைய மாணவர்கள் பலருடைய ஆய்வு முன்மொழிவுகளைப் படிக்கும் வாய்ப்புக் கிடைத்தபோதும் அதே அச்சத்தைக் கண்டேன். எவ்வளவு சுருக்கினாலும் குடும்பம் என்ற பொருள் கடைசிவரை கைக்கு அடங்காமல்தான் இருக்கும் என்பதால், அந்த அச்சத்துக்கு இடமே இல்லை.

‘குடும்பம்’ என்பதையும் ‘வீடு’ என்பதையும் ஒன்றாக எண்ணியது என் அடுத்த தவறு. மானிடவியலாளர் ஜார்ஜ் மர்டாக் 1949-இல் குடும்பத்துக்குத் தந்த வரையறையில், ஒரே இடத்தில் வசிப்பதும், பொருளாதார ஒத்துழைப்பும், இனப்பெருக்கமும் அடிப்படைக் கூறுகளாக இருந்தன. பாடப்புத்தகத்தில் படிக்கும்போது தெளிவாக இருந்த அந்த வரையறை, முன்னோட்ட ஆய்வுக்காகப் போன மூன்று வீடுகளில் இரண்டில் பொருந்தவில்லை. ஒரு வீட்டில் தந்தை வேலைக்காகத் தொலைவில் தங்கியிருந்து மாதம் ஒருமுறை வந்தார். ஆனால் குழந்தையைப் பற்றிய எந்த முடிவும் இரவில் அவருடன் தொலைபேசியில் பேசாமல் எடுக்கப்படவில்லை. இன்னொரு வீட்டில் பாட்டி வேறு முகவரியில் வசித்தார். பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அவரே. இதன்பின் இரண்டு வரையறைகளைத் தனித்தனியாக எழுதினேன். வாரத்தில் நான்கு இரவுகளாவது அங்கே உறங்குபவர்கள் வீட்டு உறுப்பினர்கள். எங்கே உறங்கினாலும், குழந்தைக்கான வேலையிலோ முடிவிலோ வாரந்தோறும் பங்கேற்பவர்கள் குடும்பப் பராமரிப்பாளர்கள். நான்கு இரவுகள் என்பது நானாக வகுத்த எல்லைதான். ஆனால் அதை முதலிலேயே எழுதி வைத்ததால், களத்துக்குப் போன பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்ப அளவுகோலை வளைக்க நேரவில்லை.

முன்னோட்ட ஆய்வைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் திட்டத்தின் முதுகெலும்பு அங்கேதான் மாறியது. வீட்டுக்கு ஒருவரைச் சந்தித்து 30 குடும்பங்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டிவிடலாம் என்பது என் முதல் எண்ணம். பெரும்பாலும் தாய்மார்களே நேரம் ஒதுக்கினார்கள். அவர்களிடம் கேட்டதையே ‘குடும்பத்தின் பதில்’ என்று எழுதிக்கொண்டேன். மூன்றாவது வீட்டில் நேர்காணல் முடியும் வேளையில் கணவர் வந்து சேர்ந்ததால், ஒரு மரியாதைக்காக அதே கேள்விகளை அவரிடமும் தனியே கேட்டேன். குழந்தைக்கான வேலைகளில் தன் பங்கு நூற்றுக்கு எண்பது என்று மனைவி சொல்லியிருந்தார். கணவர் தன் பங்கை நாற்பத்தைந்து என்றார். இரண்டையும் கூட்டினால் நூற்றைத் தாண்டுகிறது. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்ற முடிவுக்கு வருவது அன்று எனக்கு எளிதாக இருந்தது. இரவு நெறியாளரிடம் அப்படியே சொல்லவும் செய்தேன். அவர் மறுத்து, உளவியலாளர்கள் மைக்கேல் ராஸும் ஃபியோரே சிகோலியும் 1979-இல் வெளியிட்ட ஆய்வைப் படிக்கச் சொன்னார். கணவன், மனைவி இருவரிடமும் வீட்டுச் செயல்களில் அவரவர் பங்கைத் தனித்தனியே மதிப்பிடச் சொன்னபோது, பெரும்பாலான இணைகளில் கூட்டுத்தொகை முழு அளவைவிட மிகுந்திருந்தது. சண்டையைத் தொடங்குவது போன்ற, யாரும் பெருமைப்பட முடியாத செயல்களிலும் இந்தப் போக்குக் காணப்பட்டது என்பதே அதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. தற்பெருமை மட்டும் காரணமாக இருந்தால் அங்கே அப்படி நேர்ந்திருக்காது. தான் செய்தவை தன் நினைவுக்கு எளிதில் வருகின்றன, தான் இல்லாதபோது மற்றவர் செய்தவை வருவதில்லை என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

இந்தச் சிக்கல் எனக்கு முன்பே பெரிய ஆய்வாளர்களும் மோதிக்கொண்ட சிக்கல் என்பது தேடிப் படித்தபோது தெரிந்தது. ராபர்ட் பிளட், டொனால்ட் வுல்ஃப் ஆகிய இருவரும் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் திரட்டிய தகவல்களைக் கொண்டு 1960-இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பற்றிய விவாதங்களில் நெடுங்காலம் முதன்மையான இடத்தைப் பெற்றிருந்தது. ஆனால் அவர்கள் மனைவியரை மட்டுமே நேர்காணல் செய்திருந்தார்கள். 1969-இல் சமூகவியலாளர் கான்ஸ்டன்டினா சஃபிலியோஸ் ராத்ஸ்சைல்ட், இத்தகைய ஆய்வுகளை முன்வைத்து, நாம் உருவாக்கிக்கொண்டிருப்பது குடும்பச் சமூகவியலா, மனைவியரின் குடும்பச் சமூகவியலா என்று நேரடியாகவே கேட்டார். அந்தக் கேள்வியைப் படித்த நாளில் என் முப்பது குடும்பத் திட்டத்தைக் கிழித்துப் போட்டேன். குடும்பத்துக்கென்று ஒரு வாய் கிடையாது. அதில் இருப்பவர்களுக்குத்தான் வாய் இருக்கிறது. ஆகவே யாரிடம் கேட்கிறோம் என்பதை முடிவு செய்வதற்கு முன் எத்தனை பேரிடம் கேட்கிறோம் என்பதை முடிவு செய்யக் கூடாது.

இருவரிடமும் தனித்தனியே கேட்பது என்றால் 30 வீடுகளுக்கு 60 நேர்காணல்கள். முன்னோட்ட நேர்காணல் ஒவ்வொன்றும் சராசரியாக 50 நிமிடம் நீடித்தது. 60 நேர்காணல்கள் என்றால் 50 மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பதிவைச் சொல் விடாமல் எழுத்தாக்க எனக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. அந்தக் கணக்கில் 300 மணி நேரம். வகுப்புகளும் தேர்வுகளும் உள்ள ஒருவரால் அது முடியாது. 10 வீடுகள், 20 நேர்காணல்கள் என்று குறைத்தபோது எழுத்தாக்கம் ஏறத்தாழ 100 மணி நேரமாகக் குறைந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்து வாரங்களில் முடிகிற வேலை. முன்மொழிவு எழுதும் ஒவ்வொருவரும், ஒரேயொரு நேர்காணலையாவது முழுமையாகத் தட்டச்சு செய்து பார்த்துவிட்டு மாதிரியின் அளவைத் தீர்மானிக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். எண்ணிக்கை குறைவு என்ற கவலை இருந்தால், ஒரே தன்மையுள்ள குழுவில் முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பாலான கருப்பொருள்கள் வெளிப்பட்டுவிட்டதாக ஆய்வாளர்கள் கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவரும் 2006-இல் காட்டியதைப் பார்க்கலாம். அவர்கள் மொத்தம் 60 நேர்காணல்கள் எடுத்த பிறகே அதைச் சொன்னார்கள் என்பதையும், ‘ஒரே தன்மையுள்ள குழு’ என்ற நிபந்தனையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்விகளின் அமைப்பில் நான் செய்த மாற்றம் ஒன்றுதான், ஆனால் அதன் பலன் பெரிது. ‘வழக்கமாக யார் செய்வார்?’ என்ற கேள்விகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, ‘நேற்று மாலை வீட்டுக்கு வந்ததிலிருந்து உறங்கப் போகும் வரை நடந்ததைச் சொல்லுங்கள்’ என்று தொடங்கினேன். ‘வழக்கமாக’ என்று கேட்டால், வீடு எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்களோ அதைச் சொல்கிறார்கள். ‘நேற்று’ என்று கேட்டால் நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதோடு நேரப் பயன்பாட்டு நாட்குறிப்பு ஒன்றையும் சேர்த்தேன். ஹங்கேரியரான அலெக்சாண்டர் சலாய் தலைமையில் 1960-களின் நடுவில் 12 நாடுகளில் நடந்த ஒப்பீட்டு ஆய்வு, ஒரு நாளின் 1,440 நிமிடங்களும் எங்கே செலவாகின்றன என்று கணக்கிடும் முறைக்கு வலுவான அடித்தளம் இட்டது. நான் அரைமணிக்கு ஒரு வரி வீதம் 48 வரிகள் கொண்ட தாளைத் தயாரித்து, ஒரு வேலை நாளுக்கும் ஒரு விடுமுறை நாளுக்கும் நிரப்பித் தரச் சொன்னேன். ‘அதே நேரத்தில் வேறு என்ன செய்தீர்கள்?’ என்றொரு கூடுதல் நெடுவரிசை இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால், துணி மடித்துக்கொண்டே குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த நேரத்தில் பாதி காணாமல் போயிருக்கும்.

ஒரு வீட்டிலிருந்து வந்த இரண்டு நாட்குறிப்புகளும் ஒரே கையெழுத்தில் இருந்தன. கணவருடைய தாளையும் மனைவியே நிரப்பியிருந்தார். கணவருக்கு நேரமில்லை, தனக்கு அவருடைய நாள் தெரியும் என்பது மனைவி தந்த விளக்கம். அதைத் தகவல் பிழை என்று ஒதுக்கப் போனேன். பிறகுதான், இன்னொருவருடைய படிவத்தை நினைவு வைத்து நிரப்பித் தருவதும் நான் ஆராயப் புறப்பட்ட வேலைகளில் ஒன்று என்று புரிந்தது. சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய மனவேலையை முன்கூட்டி உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், நடந்ததா என்று கண்காணித்தல் என நான்காகப் பிரிக்கிறது. அரைமணி நேரக் கட்டங்களில் அகப்படாத இந்த வேலையைப் பிடிக்க, தடுப்பூசி நாளை நினைவு வைத்திருந்தவர் யார், நாள் நெருங்குவதை முதலில் சொன்னவர் யார், போட்டாயிற்றா என்று கேட்டவர் யார் என்று ஒரே நிகழ்வைத் துண்டு துண்டாகக் கேட்கும் பகுதியை வினாநிரலில் சேர்த்தேன். என் ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியாக அது அமைந்தது.

இனிச் சொல்லப் போவது சொல்லக் கடினமானது. ஆய்வு ஒழுக்கம் என்ற தலைப்பில் நான் முறையாக எல்லாம் எழுதியிருந்தேன்: ஒப்புதல் படிவம், புனைபெயர்கள், எந்த நேரத்திலும் விலகும் உரிமை, ஒலிப்பதிவை எழுத்தாக்கம் முடிந்ததும் அழிப்பது, பெயர்ப் பட்டியலை நேர்காணல்களிலிருந்து பிரித்து வேறிடத்தில் வைப்பது. ஆய்வு ஒழுக்கக் குழுவின் அனுமதியும் கிடைத்தது. ஏழாவது வீட்டில், கணவரின் நேர்காணல் முதல் நாளும் மனைவியின் நேர்காணல் மறுநாளும் நடந்தன. பேச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்த வேளையில், அடுத்த கேள்விக்குப் போவதற்கான இணைப்பாக, “இரவில் குழந்தை அழும்போது அவர் எழுந்திருப்பதாக…” என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். நிறுத்தியது பயன்படவில்லை. அந்தப் பெண்ணின் முகம் மாறியது. “அவர் அப்படியா சொன்னார்?” என்று கேட்டுவிட்டு, அதன்பின் எல்லாக் கேள்விகளுக்கும் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். நான் அந்த வீட்டுக்குள் கொண்டு சென்ற ஒரு வாக்கியம், நான் வெளியேறிய பிறகும் அங்கே இருந்திருக்கும். மறுநாள் இருவரிடமும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டின் பதிவுகள் இரண்டையும் அழித்தேன். ஆய்வேடு ஒன்பது வீடுகளுடன் முடிந்தது.

வெளியாருக்கு அடையாளம் தெரியாமல் காப்பது மட்டுமே இரகசியம் காத்தல் என்று நான் நினைத்திருந்தேன். ஒரே குழுவில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதை சமூகவியலாளர் மார்ட்டின் டோலிக் 2004-இல் ‘உள் இரகசியம்’ என்ற பெயரில் தனியாகப் பேசியிருக்கிறார். குடும்ப ஆய்வில் ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. புனைபெயர் ஊரை ஏமாற்றும். கூடவே வாழ்பவரை ஏமாற்றாது. தன் கணவர் பேசும் விதமோ, தன் குழந்தைக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியோ அச்சில் இருந்தால் அடுத்த நொடியே ஒருவருக்குத் தெரிந்துவிடும். அந்த நிகழ்ச்சிக்குப் பின் திட்டத்தில் நான் சேர்த்தவை இவை. ஒரு வீட்டின் இரண்டு நேர்காணல்களையும் முடிந்தவரை ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தேன். இடையில் இருவரும் பேசிக்கொள்ளும் வாய்ப்பும், முதல் பேச்சு என் நாவில் நின்று இரண்டாவதில் சிந்தும் வாய்ப்பும் அதனால் குறைந்தன. இரண்டாவது நேர்காணலுக்கு முன் ஐந்து நிமிடமாவது வெளியே நடந்துவிட்டு, எழுதி வைத்த கேள்விகளை மட்டுமே எழுதி வைத்த சொற்களில் கேட்டேன். ‘உங்கள் துணைவர் சொன்னதை உங்களிடமோ, நீங்கள் சொன்னதை அவரிடமோ சொல்ல மாட்டேன், கேட்டாலும் சொல்ல மாட்டேன்’ என்ற வரியை ஒப்புதல் படிவத்தில் சேர்த்து, உரக்க வாசித்தும் காட்டினேன். ஆய்வேட்டில் ஒரு வீட்டின் இருவரையும் இணைக்கும் எண்ணையோ பெயரையோ தரவில்லை. மேற்கோள்களில் நிகழ்ச்சியின் விவரங்களை மாற்றினேன். இருவரின் கூற்றுகளும் முரண்படும் இடங்களை அருகருகே அச்சிடாமல், ஒன்பது வீடுகளில் எத்தனை வீடுகளில் எந்த வகையான முரண் இருந்தது என்று தொகுத்து மட்டுமே எழுதினேன். ஆய்வின் மிக உயிர்ப்பான பகுதியை அப்படி மங்கச் செய்வது மனத்துக்கு வருத்தமாகவே இருந்தது. இருந்தாலும் வேறு வழியை இன்றுவரை நான் காணவில்லை.

நேர்காணல் நடக்கும் இடத்தையும் இதே நோக்கில் பார்க்க வேண்டியிருந்தது. கதவு திறந்திருக்கும் அறையில், பக்கத்து அறையில் யாரோ தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்த கணத்திலேயே பதில்களின் தொனி மாறியதைக் கவனித்திருக்கிறேன். மாமியாரோ, வளர்ந்த மகளோ உடன் உட்கார்ந்தால் எழுந்து போகச் சொல்ல ஒரு மாணவரால் இயலாது. அப்படிப்பட்ட நேரங்களில் சிக்கலில்லாத கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு, மீதிக்கு இன்னொரு நாள் வெளியிடத்தில் சந்திக்கலாமா என்று கேட்டேன். யார் எப்போது காதில் விழும் தொலைவில் இருந்தார் என்பதைக் களக்குறிப்பில் நேரத்தோடு எழுதி வைத்தேன். பகுப்பாய்வின்போது, சில பதில்கள் ஏன் அவ்வளவு தட்டையாக இருந்தன என்பதற்கு விடை அந்தக் குறிப்புகளில்தான் கிடைத்தது.

குழந்தைகளை நேர்காணல் செய்ய வேண்டும் என்ற ஆசை இருந்தது, கைவிட்டேன். ஐக்கிய நாடுகளின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் குழந்தைகளின் கருத்துக்கு இடமளிக்க வேண்டும் என்று சொல்வது உண்மைதான். ஆனால் பெற்றோரின் அனுமதியோடு குழந்தையின் விருப்பத்தையும் தனியாகப் பெறவும், குழந்தை சொன்னதைப் பெற்றோர் கேட்டு வற்புறுத்தினால் சமாளிக்கவும் எனக்குப் பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாத ஒன்றைத் திட்டத்தில் சேர்க்காமல் இருப்பதும் ஒழுக்கத்தின் ஒரு பகுதியே. சொந்த வீட்டையும் நெருங்கிய உறவினர் வீடுகளையும் மாதிரியில் சேர்க்காததற்கும் அதுவே காரணம்.

பகுப்பாய்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வகுப்புத் தோழி ஒருவர், வீட்டு எண்களும் பெயர்களும் நீக்கப்பட்ட நான்கு எழுத்தாக்கங்களைத் தனியாகக் குறியிட்டு, அதாவது பதில்களின் பகுதிகளுக்குக் கருப்பொருள் பெயர்கள் இட்டுத் தந்தார். எங்கள் குறியீடுகள் வேறுபட்ட இடங்களை உட்கார்ந்து பேசியதில், ‘உதவி’ என்ற சொல்லை நான் கவனிக்காமலே விட்டிருந்தது தெரிந்தது. கணவர்களில் பலர் தாங்கள் செய்த வேலையை ‘உதவி’ என்றும், மனைவியர் தாங்கள் செய்த அதே வேலையை ‘வேலை’ என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். இந்தச் சொல் வேறுபாட்டைப் பற்றிய ஓர் இயல் முழுவதும் அந்தத் தோழியின் கண்ணால் கிடைத்தது.

வரம்புகளைப் பற்றிய பகுதியை எழுத உட்கார்ந்தபோதுதான், முன்பே கண்டிருக்க வேண்டிய ஒன்று கண்ணில் பட்டது. வீட்டுக்கு இருவர் என்ற விதியைக் கணவன், மனைவி என்று பொருள்கொண்டதால், தனியாகக் குழந்தை வளர்க்கும் பெற்றோர் ஒருவர்கூட என் ஆய்வில் இல்லை. முன்னோட்ட ஆய்வில் நான் கண்டு வியந்த அந்தப் பாட்டியும் இல்லை. குடும்பப் பராமரிப்பாளர் என்று வரையறை எழுதி வைத்திருந்தும், பேச அழைத்தவர்கள் பட்டியலில் அவருக்கு இடம் தரவில்லை. இன்று யாராவது இதே கேள்வியை எடுத்துக்கொண்டு வந்தால், ‘கணவன், மனைவி’ என்பதற்குப் பதிலாக ‘இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்கள் இருவர்’ என்று எழுதச் சொல்கிறேன். அந்த இருவர் யார் என்பதை ஆய்வாளர் தீர்மானிக்காமல், முதல் சந்திப்பிலேயே அந்த வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன பெயர்களையும் சொல்லத் தயங்கிய பெயர்களையும் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன்.